பல்லக்கை இறக்கிய சட்டம்

பவளநல்லூரை ஆண்ட விஜயகேது ராஜாவுக்கு மாம்பழம் என்றால் உயிர். ஒருநாள் காலையில் அரண்மனைத் தோட்டத்தில் போய்ப் பார்க்கிறார், மரத்தில் ஒரு பழம்கூட இல்லை! ராஜாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்தக் கோபம் எப்போது வரும் என்று காத்திருந்தவர் ஒருவர் இருந்தார். நகரக் காவல் தலைவர் காளத்தி.

"எல்லாம் இந்த இளவட்டங்கள் செய்கிற வேலை, மகாராஜா. சாயங்காலமானால் தெருவில் கூடுகிறார்கள். கூடினால் பேசுகிறார்கள். பேசினால் திட்டம் போடுகிறார்கள்."

சபையிலிருந்த கிழவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் சட்டம் வந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்து முரசு கொட்டிய பிறகு, இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேர் தெருவில் சேர்ந்து நின்றால் சிறை!

அரசவை விதூஷகன் பிச்சாண்டி மட்டும் எழுந்தான்.

"மகாராஜா, சட்டம் சின்ன வயசுக்காரர்களுக்கு. அவர்களில் ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேட்டோமா?"

"மீசை முளைக்காதவனிடமெல்லாம் யோசனை கேட்பதா? உட்கார், பிச்சாண்டி!" என்றார் ராஜா.

பிச்சாண்டி உட்கார்ந்தான்.

சட்டம் என்னவோ ஊர் முழுவதற்கும்தான். காளத்தியின் காவலர்கள் போனது படகுத்துறைக்கு மட்டும். பகலெல்லாம் மூட்டை இறக்கிய பிள்ளைகள் ஆற்றங்கரையில்தான் மூச்சு விடுவார்கள். அவர்களுக்கு வேறு இடம் ஏது? அங்கேயே வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே போனவனுக்கு மறுநாள் வேலை இல்லை. அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ராஜாவின் பல்லக்குத் தூக்கிகளில் கருவேலன் என்று ஒருவன், படகுத்துறைக்காரன். அவன் நேராகப் பிச்சாண்டியிடம் வந்து நின்றான்.

"ஐயா, என் தம்பி அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனான். வழியில் ரெண்டு பேர் நின்றார்கள். 'என்னப்பா சௌக்கியமா' என்று கேட்டான். மூன்று பேராகிவிட்டதாம்! பிடித்துப் போய்விட்டார்கள். வடக்கு மாடவீதியிலே தினமும் கும்பல் கூடிச் சேவல் சண்டை விடுகிறார்கள். அங்கே ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. இனிமேல் பல்லக்குத் தூக்க மாட்டோம் என்று சொல்லிவிடலாமா?"

"சொன்னால் தலை போகும், தம்பி. ஆமாம், பல்லக்குத் தூக்குகிற உங்களுக்கெல்லாம் என்ன வயது?"

"எங்களில் மூத்தவனுக்கே இருபத்துமூன்று."

பிச்சாண்டி அவன் காதில் ஏதோ சொன்னான். தம்பியைப் பிடித்துப் போனதிலிருந்து சிரிக்காத கருவேலன் அப்போதுதான் சிரித்தான்.

அந்த வாரமே ராணியின் அண்ணன் வீட்டில் விருந்து வந்தது. ராஜாவும் ராணியும் பட்டு உடுத்திப் பல்லக்கில் ஏறினார்கள். பின்னால் காளத்தி, காவலர்கள், சபைக் கிழவர்கள், பிச்சாண்டி. மழை பெய்து தெருவெல்லாம் சேறு. தூக்கிகளின் நடை அன்றைக்கு என்னவோ ஆமை நடை. வடக்கு மாடவீதியின் நடுவில் போகும்போது முரசு கொட்டியது.

பல்லக்கு பொத்தென்று தரைக்கு வந்தது. தூக்கிகள் ஆளுக்கொரு பக்கமாக ஓடி, தனித்தனி வாசலில் கைகட்டி நின்றார்கள்.

"டேய்! எங்கே ஓடுகிறீர்கள்?" என்று அலறினார் ராஜா.

எதிர் வாசலிலிருந்து கருவேலன் கத்தினான். "ஓடவில்லை மகாராஜா, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறோம்! நாங்கள் சேர்ந்து நின்றால் சிறை!"

"பிடியுங்கள் இவர்களை!" என்று குதித்தார் காளத்தி.

"பொறுங்கள், தலைவரே," என்றான் பிச்சாண்டி. "உங்கள் காவலர்களே நாலைந்து பேர் சேர்ந்து நிற்கிறார்களே. உனக்கு என்ன வயசப்பா?"

"இருபது, ஐயா," என்றான் முன்னால் நின்ற காவலன். சொன்ன கையோடு அவனும் ஓடினான். மற்றவர்களும் சிதறினார்கள்.

"சட்டம் போட்ட பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தூக்கட்டும்!" என்றார் காளத்தி. கிழவர்கள் முண்டாசை இறுக்கிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். பல்லக்கு ஒரு சாண் எழுந்தது. "ஐயோ, என் இடுப்பு!" என்று ஒரு குரல். மறுபடியும் பொத்! ராஜாவின் கிரீடம் மூக்குக்கு வந்துவிட்டது.

"பந்தியே முடிந்துவிடும் போலிருக்கிறதே!" என்றார் ராணி.

அப்போது பக்கத்து மண்டபத்தில் பெரிய ஆரவாரம். பத்துப் பதினைந்து வாலிபர்கள் வட்டம் கட்டிச் சேவல் சண்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்றவன் காளத்தியின் அக்காள் மகன்.

ராஜா திரையை விலக்கிப் பார்த்தார். "காளத்தி, இவர்களை ஏன் பிடிக்கவில்லை?"

"இவர்களெல்லாம்... நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், மகாராஜா."

"அது காரணமில்லை, மகாராஜா," என்றான் பிச்சாண்டி. "தலைவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிற தெருவில் பொழுதே சாய்வதில்லை!"

ராஜாவின் முகம் சிவந்தது. காளத்தி சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ராஜா கிரீடத்தைச் சரி செய்துகொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாலிபனிடம் யோசனை கேட்டார்.

"ஏனப்பா, இப்போது என்னதான் செய்யலாம்?"

"நீங்கள் சட்டத்தை இறக்குங்கள், மகாராஜா," என்றான் கருவேலன். "நாங்கள் பல்லக்கைத் தூக்குகிறோம்."

அந்த இடத்திலேயே சட்டம் இறங்கியது. பல்லக்கு ஏறியது. காளத்தி சேற்றில் நடந்தே போய்ச் சிறைக்கதவைத் தம் கையால் திறந்துவிட்டார். கருவேலனின் தம்பி அன்று இரவு வீட்டில் சாப்பிட்டான்.

மறுநாள் சபையில், தெருவுக்கு இரண்டு இளையவர்களாகப் புது ஆசனங்களில் உட்கார்ந்திருந்தார்கள். தங்களைப் பற்றிய எந்தச் சட்டத்திலும் இனி அவர்களுடைய பேச்சுத்தான் முதலில். ராஜா பிச்சாண்டியை அருகே கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல். அந்தப் பயல்களுக்கு என்ன கலகம் சொல்லிக்கொடுத்தாய்?"

"கலகமா? நானா?" பிச்சாண்டி காதைப் பொத்திக்கொண்டான். "'மகாராஜா போட்ட சட்டத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடியுங்கள்' என்றுதான் சொன்னேன். அந்தச் சட்டத்தை ஒழிக்க அதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியவில்லை!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார்.