வெள்ளையம்மாவின் விளக்குக்கரி மீசை

தவளைக்குடி கபடிக் குழுவைப் பற்றி ஊரில் யாரும் தப்பாகப் பேசமாட்டார்கள். பேசினாலும் குழுவில் இருப்பவர்களுக்குப் புரியாது. "பிடிச்சா விடக்கூடாது" என்று கேப்டன் சடையாண்டி சொல்லிக்கொடுத்திருந்தார். போட்டியன்று காலையில் ஏழு ஆட்டக்காரர்களில் ஒருவன் பழகிப் பார்ப்பதற்காகப் பேருந்தின் ஏணியைப் பிடித்தான். பேருந்து மதுரைக்குப் போய்விட்டது. அவனும் விடவில்லை.

வெள்ளையம்மாவுக்கு அடித்தது யோகம். கபடி என்றால் அவளுக்கு உயிர். ஆனால் பெண்பிள்ளையை யார் சேர்ப்பார்கள்? கூந்தலைக் கத்தரித்தாள், அண்ணனின் டவுசரை மாட்டினாள், விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து மீசை வரைந்தாள். வெள்ளையன் என்று பேர் சொல்லிக்கொண்டு ஏழாவது ஆளாகப் போய் நின்றாள்.

மற்ற ஆறு பேருக்கும் தலையும் மேலுதடும் வழுவழுவென்று இருந்தன. "எதிராளிக்குப் பிடி கிடைக்கக்கூடாது" என்று கேப்டன் முந்தின நாள் சொன்னதைக் கேட்டு, கேப்டன் உட்பட எல்லோரும் ஒட்டச் சிரைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கீரனேந்தல் குழு மறித்தது. "இவங்க பக்கம் ஒரு பொம்பளப்புள்ள ஆடுதுன்னு பேச்சு அடிபடுது." வெள்ளையம்மா சடையாண்டியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நடுவருக்கோ வெயில் தாங்கவில்லை. "மீசை வச்ச ஆம்பளையா பாத்து நிறுத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் போனார்.

ஆறு பேரும் வட்டமாகக் கூடி ஒருவர் உதட்டை ஒருவர் தடவிப் பார்த்தார்கள்.

"யாருக்கும் இல்லையேண்ணே," என்றான் மூக்கையா.

"அப்ப நாமதான்," என்றார் சடையாண்டி.

"ஒரு பொம்பளன்னுதானே சொன்னாங்க? ஆறு பேரு இருக்கோமே?"

"அவங்க சரியாத் தேடலை."

மூக்கையா கண்கலங்கினான். "எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கேண்ணே."

"அதத்தான் சொல்றேன். புள்ள பெத்தவ இந்த வெயில்ல ஆடலாமா?"

ஆறு பேரும் துண்டை மாராப்பாகப் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் போய் அடக்கமாக உட்கார்ந்தார்கள்.

களத்தில் வெள்ளையம்மா ஒருத்திதான் மிச்சம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, கபடி கபடி என்று பாடிப் போனாள். கீரனேந்தல்காரர்கள் ஏழு பேரும் மொத்தமாக மேலே விழுந்தார்கள். அவள் நெளிந்து ஊர்ந்து, ஒரு விரலை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். ஏழு பேரும் அவுட்.

எழுந்தபோது அவள் மீசை கீரனேந்தல் கேப்டனின் முதுகில் இருந்தது. ஜெயித்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது. இனி எந்த ஆட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். நேராகச் சடையாண்டியிடம் போனாள். "அண்ணே, நான் பொண்ணுண்ணே," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சடையாண்டி அவள் உதட்டை உற்றுப் பார்த்தார். பிறகு மாராப்பைச் சரிசெய்துகொண்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"அழுவாத தாயி, உக்காரு. எங்களுக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. பத்து நாள்ல மீசை முளைச்சிரும். அடுத்த ஆட்டத்துக்கு ஏழு பேரும் ஆம்பளையாவே போவோம்."