3401 ரேட்டிங் சேவல்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். செஸ் கம்ப்யூட்டர் விற்கிற முதலாளி ஒருத்தர், ஜில்லா செஸ் சங்கத்தின் கிளார்க் முத்துப்பேச்சி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“என் மெஷினுக்கு 3400 ரேட்டிங். எந்த கிராண்ட்மாஸ்டருக்கும் அவ்வளவு கிடையாது. எல்லாரையும் ஜெயிக்கும்னு சர்டிபிகேட் கொடும்மா. இல்லேன்னா உன் வேலை போயிடும். சங்கத்துத் தலைவர் என் மச்சான்.”

“யார்கூட ஆடி வாங்கிச்சு சார்?”

“என் கம்பெனியோட மத்த மெஷின்கள்கூட.”

முத்துப்பேச்சி ஒருநாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் கூடையில் ஒரு சேவலோடு வந்தாள்.

“நேத்து என் வீட்டுச் சேவல்களை ஒண்ணுக்கொண்ணு செஸ் ஆட வச்சேன் சார். எதிராளியோட ராஜாவைக் கொத்தித் தள்ளினா ஜெயிச்சதா கணக்கு. இதுதான் எல்லா ஆட்டமும் ஜெயிச்சுது. உங்க கணக்குப்படி போட்டா 3401. சர்டிபிகேட் இதுக்குத்தான்.”

“பைத்தியமா உனக்கு? வெளியாள்கூட ஆடாம வாங்கினதெல்லாம் ஒரு ரேட்டிங்கா?” என்று கத்தினார் முதலாளி. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

முத்துப்பேச்சி ஏற்கெனவே கூப்பிட்டு வைத்திருந்த கிராண்ட்மாஸ்டர் உள்ளறையிலிருந்து, இட்லி தின்ற கையைத் துடைத்துக்கொண்டே வந்து, முதலாளி கொண்டுவந்திருந்த மெஷினோடு ஆட உட்கார்ந்தார். பத்தொன்பதாவது நகர்த்தலில் மெஷின் தோற்றது.

அவள் உடனே சர்டிபிகேட் எழுதி, சீல் குத்தி நீட்டினாள்.

‘இந்த மெஷின் தன் கூடப்பிறந்த மெஷின்களை நன்றாக ஜெயிக்கும்.’