நாற்பது சதவீத அப்பா

“எப்படி வச்சாலும் செத்தவன் மாதிரியே தெரியுறேனே, ஏன்?”

தவமணி மேசையில் ஓங்கித் தட்டினார். மவுஸ் துள்ளிக் கீழே விழுந்தது.

குரு அதை எடுத்து வைத்தாள்.

குருவுக்கு வயது இருபத்தெட்டு. பெயர் பர்வீன். இந்த ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்பவள். இரண்டு படங்களை ஒன்றுக்குள் ஒன்று கரைய விடுவதில் பழனியில் அவளை மிஞ்ச ஆளில்லை.

சீடருக்கு ஐம்பத்தொன்பது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். முன்னால் போகிற வண்டியையெல்லாம் திட்டித் திட்டி, கோபம் மூக்கு நுனியிலேயே குடிவந்துவிட்டது.

திரையில் அவர் மகள் எழிலரசியின் கல்யாணப் படம். அதன் மேல், படம் முழுக்கக் கரைந்தபடி, தவமணியின் முகம்.

அந்தக் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. மாப்பிள்ளையை மகளே பார்த்துக்கொண்டாள் என்று கோபம். நாலு வருடமாக அதே கோபம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. எழிலரசிக்கு உடன்பிறந்தவன் இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாத்தாதான் வேண்டும். பத்திரிகையும் வந்துவிட்டது.

போவாரா மனுஷன்? படத்தைச் சட்டம் போட்டு அனுப்பிவிடலாம் என்று மூன்று வாரமாகப் பாடம் கேட்கிறார்.

“உங்க முகம் எத்தன சதவீதம்?” என்றாள் பர்வீன்.

“நாப்பது.”

“கூட்டுங்க.”

“எழுபது வச்சேன். அவ கன்னத்துல என் மீசை வருது.”

“நூறு?”

“நூறு வச்சா நான் மட்டும்தான் இருக்கேன். பொண்ணயே காணோம்!”

“அப்ப சின்னதாக்கி மூலையில வைங்க.”

“வச்சேனே! அங்கதான் சுத்தமாச் செத்துட்டேன்!”

ஊர் வழக்கம் அதுதான். கல்யாண ஆல்பத்தில் மூலையில் மங்கலாகத் தெரிகிறவர், கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காமல் போய்ச் சேர்ந்தவர். பச்சைப்பிள்ளையும் சொல்லும். தவமணிக்குத்தான் மூன்று வாரமாக அந்தக் காரணம் உறைக்கவில்லை.

“தொழில ஒளிச்சு வச்சுக்கிட்டுச் சொல்லித்தர மாட்டேங்கிற நீ!”

பர்வீனுக்கும் சுருக்கென்று கோபம் ஏறியது.

“கல்யாணத்தன்னைக்கு எங்க இருந்தீங்க?”

“வீட்டுல. கதவச் சாத்திக்கிட்டு டிவி பாத்தேன். உனக்கென்ன அது?”

“அவ கூப்பிடலயா?”

“வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டா. மூணு தடவ.”

குரல் இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

“போகவும் மாட்டீங்க, போகாமப் படத்துல மட்டும் இருக்கணும். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்.”

“படம்தான கேட்டேன்? புத்தி கேட்டேனா?”

“சரி சார். படமே தர்றேன்.”

திரையில் இருந்த படத்தை அப்படியே அச்செடுத்தாள். சட்டத்துக்குள் செருகினாள். கண்ணாடியைத் துடைத்தாள்.

இறந்தவர்கள் படத்துக்குப் போடுகிற சந்தன மாலைகள் சுவரில் தொங்கின. அவற்றில் ஒன்றை எடுத்துச் சட்டத்தில் மாட்டினாள். கீழே சிவப்பு பல்பு ஒன்றைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டாள்.

தவமணி எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது.

“அடிப்பாவி! நான் உசுரோட இருக்கேன்!”

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“கண்ணு அவிஞ்சு போச்சா? உசுரோட இருக்கேன்!”

“அத என்கிட்ட ஏன் கத்துறீங்க?”

அவளும் கத்தினாள்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

தவமணி அதன் வயரைப் பிடுங்கி எறிந்தார். மாலையைப் பிய்த்தார். மூச்சு வாங்க நின்றார். பிறகு சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

அவள் முன்னால் அதை விசிறி எறிந்தார்.

“எத்தன மணிக்குன்னு போட்டிருக்கு? எழுத்து தெரிய மாட்டேங்குது. நீ படி!”