கிழங்கு பன்னும் ஒரு சாதாரண மனிதரும்

ஒட்டங்குளத்தில் ஒரு காப்புரிமை அலுவலகம் இருந்தது. அதை ஏன் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதில் வேலை பார்த்த மூன்று பேருக்கும் தெரியாது.

பேக்கரி சவரிராயன் அங்கேதான் தன் பன்னைத் தூக்கிக்கொண்டு போனார். உருளைக்கிழங்கு மசாலாவை உள்ளே வைத்து, மூடிய இடம் தெரியாமல் சுட்ட பன். ஆறு மாசம் அடுப்படியில் வெந்து கண்டுபிடித்தது. அதற்குள் எதிர்க்கடை மாடசாமி மோப்பம் பிடித்துவிட்டான். திருவிழாவுக்கு முன்னால் காப்புரிமை கிடைக்காவிட்டால் அவனும் அதையே சுட்டு அடுக்கிவிடுவான்.

பெரிய அதிகாரி தில்லைநாயகம் சட்டப் புத்தகத்தைப் பிரித்து உரக்க வாசித்தார்: "அத்தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஒருவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியது என்றால் காப்புரிமை கிடையாது."

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, அவரைக் கூட்டிட்டு வாங்க."

"யாரைய்யா?"

"அந்தச் சாதாரணத் திறமை உள்ள ஒருவரை. அவரைக் கேக்காம நாங்க எப்படி முடிவு பண்றது?"

சவரிராயன் கடை கடையாக ஏறி இறங்கினார். எந்தப் பேக்கரிக்காரரும் தான் சாதாரணம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடிக்கவே வந்துவிட்டார். கடைசியில் மாடசாமி தானாக அலுவலகத்துக்கு வந்து, "நான் ரொம்பச் சாதாரணம் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சவரிராயனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் முன்னால் மாவையும் மசாலாவையும் வைத்தார்கள். ரெண்டே நிமிஷத்தில் மசாலாவை உள்ளே வைத்து உருட்டிக் காட்டினான்.

"தோணிடுச்சே!" என்றார் இரண்டாம் அதிகாரி பட்டாபி.

மூன்றாமவர் குழந்தைவேலு மோவாயைத் தடவினார். "சவரிராயனுக்கு ஆறு மாசம். இவருக்கு ரெண்டு நிமிஷம். அப்போ இவர் மகா மூளைக்காரர். சாதாரணம்னு நம்மகிட்ட பொய் சொல்லியிருக்கார்."

மாடசாமியைக் கண்டித்து வெளியே அனுப்பினார்கள்.

"வேற ஆளுக்கு எங்க போறது?" என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தினமும் பன் தின்கிறவர்கள் என்பதால் தொழில் தங்களுக்கும் தெரியும் என்று முடிவு செய்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு மாவுக்கும் மசாலாவுக்கும் எதிரே உட்கார்ந்தார்கள். சாயங்காலம் கதவு திறந்தது.

"எவ்வளவோ யோசிச்சோம். ஒண்ணுமே தோணல" என்றார் தில்லைநாயகம் பெருமையாக. "உங்களுக்குக் காப்புரிமை உண்டு."

சான்றிதழில் 'பன்னுக்குள் மசாலா' என்று எழுதப்போன பட்டாபியின் கையைத் தில்லைநாயகம் எட்டிப் பிடித்தார். "நமக்குத் தோணலன்னு இப்பத்தானே சொன்னோம்? தோணாததை எப்படி எழுதுவே?"

ஒரு மணி நேரம் விவாதித்து இப்படி எழுதினார்கள்: 'ஏதோ ஒன்றுக்குள் வேறேதோ ஒன்று. சவரிராயன் அனுமதியின்றி யாரும் வைக்கலாகாது.' முத்திரை விழுந்ததே போதும் என்று சவரிராயன் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் காலை அவர் கடை திறக்கும்போது மூவரும் வாசலில் நின்றார்கள்.

"நாங்க ஆபீஸுக்குள்ள போகணும்" என்றார் தில்லைநாயகம். "ஏதோ ஒண்ணுக்குள்ள வேறேதோ ஒண்ணு. உங்க அனுமதி இல்லாம முடியாதே."

சவரிராயனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது இருக்கட்டும். சட்டைக்குள்ள இருக்கீங்களே, அதுக்கு யாரைக் கேட்டீங்க?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். முகம் வெளிறிப்போனது. அவசர அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை உருவினார்கள். வேட்டி முடிச்சுக்குக் கை போனதும் தில்லைநாயகம் தெருவை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"ஐயா, இதுக்கு மட்டும் உடனே எழுதிக் குடுத்திடுங்க. எட்டு மணி பஸ் வர்ற நேரம்."