தொட்டிக்கல் போய்வர ஒரு டேங்க்

நாச்சிமுத்துவைப் பெட்ரோல் இரண்டு முறை நடுவழியில் கைவிட்டது. இரண்டு முறையும் அவர் பழியைப் பிறர் தலையில்தான் கட்டினார். பங்க்காரன் அளவில் அடிக்கிறான் என்றார். வண்டி கிழடு என்றார். மலை போன வருஷத்தைவிட உயரமாகிவிட்டது என்று மட்டும்தான் சொல்லவில்லை.

அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து தொட்டிக்கல் மலைக்கு மோட்டார் சைக்கிளில் மருந்து கொண்டுபோவது அவர் வேலை. திரும்பும்போது மலைக்காரர்களின் ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். மேலே பங்க் கிடையாது. மருந்துப் பெட்டியோடு பெட்ரோல் கேனை ஏற்றவும் ஆஸ்பத்திரி விடாது. ஒரே டேங்கில் போய்த் திரும்பியாக வேண்டும்.

அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் நர்ஸ் சாந்தாமணி. அதே வண்டி, அதே மலை. அவர் கொண்டுவந்த பெட்டி ஒரு நாளும் கெட்டதில்லை. இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட பிறகுதான் வண்டிச் சாவி நாச்சிமுத்துவிடம் வந்தது.

நாச்சிமுத்து நடுவழியில் நின்ற இரண்டு நாளும் ஐஸ் உருகி ரத்தம் வீணாகிப்போனது. அதில் தொட்டிக்கல் மாதியின் ரத்தமும் இருந்தது. மாதிக்குத் தலைப்பிரசவம். ரத்தத்தைச் சோதித்துப் பார்க்காமல் அவளை மலையிலேயே விட்டுவைப்பதா, கீழே கூட்டிவருவதா என்று டாக்டரால் முடிவு செய்ய முடியவில்லை. இனிமேல் யாருக்கும் கை நீட்டமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சாந்தாமணியே வருவதானால் கடைசியாக ஒருதரம் தருவதாகப் பிறகு சொல்லியனுப்பினாள்.

நாச்சிமுத்து சாந்தாமணியிடம் போய் நின்றார். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் அப்படி நிற்பது அவருக்கு ஒன்றும் சுலபமாக இல்லை.

“சிஸ்டர், எனக்குப் பத்தாத டேங்க் உங்களுக்கு மட்டும் எப்படிப் பத்துச்சு?”

“நான் பின்னாடி உக்காந்து வர்றனுங்ணா. போலாம்.”

ஓராள் பாரம் கூடினால் பெட்ரோல் இன்னும் சீக்கிரமல்லவா தீரும் என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம்.

பங்க்கில் வழக்கம்போல வண்டியை இடது காலில் சாய்த்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே மூடியைத் திறந்தார். சாந்தாமணி இறங்கினார். அவரையும் இறங்கச் சொன்னார். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நேராக நிறுத்தச் சொன்னார். பங்க்காரரிடம் மெதுவாக விடும்படி கேட்டுக்கொண்டார். விளிம்புக்குக் கீழே நுரை எழும்பியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நிறைஞ்சிருச்சு சிஸ்டர்.”

“நுரைதாங்ணா நிறைஞ்சிருக்குது.”

நுரை அடங்கும்வரை சாந்தாமணி காத்திருந்தார். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் ஒற்றைக் கையால் வண்டியை லேசாக அசைத்தார். உள்ளே எங்கோ அடைபட்டிருந்த காற்று குபுக்கென்று வெளியேறியது. பெட்ரோல் மட்டம் கீழே இறங்கியது. மறுபடி விடச் சொன்னார். வெயிலில் பெட்ரோல் விரியும் என்று விளிம்பில் கொஞ்சம் இடம்விட்டு மூடினார்.

இத்தனை நாள் பங்க்காரனைத் திட்டியதெல்லாம் நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது. அவன் முகத்தைப் பார்க்காமலே பணத்தைக் கொடுத்தார்.

மலைப்பாதையில் அவர் எப்போதும் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினார். நேர்ப்பாதையில் முறுக்குவார், வளைவு வந்தால் பிரேக் அடிப்பார். ஒவ்வொரு முறையும் தோளில் ஒரு தட்டு விழுந்தது. ஏழெட்டுத் தட்டு வாங்கியதும் ஏன் என்று கேட்டார்.

“நீங்க அடிக்கிற பிரேக் எல்லாம், முன்னாடியே வீணா எரிச்ச பெட்ரோலுங்ணா.”

அதன்பிறகு வளைவு வருமுன்பே கையைத் தளர்த்திப் பார்த்தார். வண்டி தானாகவே வேகம் குறைந்து, வளைந்து, திரும்பவும் முனகாமல் ஏறியது. தோளில் தட்டு விழவில்லை. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அன்றுதான் வண்டி ஓட்டத் தெரிந்ததுபோல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷமே கூடுதல்.

தொட்டிக்கல்லில் மாதி கையை நீட்டினாள். மலையில் இருந்த நர்ஸ் ரத்தம் எடுக்க, ஊசியைப் பார்க்காமல் சாந்தாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் ஐஸ் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

இறக்கம் வந்ததும் மிச்சம் பிடிக்கிற ஆசையில் எஞ்சினை அணைக்கச் சாவிக்குக் கையைக் கொண்டுபோனார். தோளில் பலமாக ஒரு தட்டு.

“எஞ்சினைத் தூங்க வெச்சுட்டா வண்டியை யாருங்ணா புடிச்சு நிறுத்தறது?”

கையை எடுத்துக்கொண்டார்.

பாதி இறக்கத்தில் ஒரு பாத்திர வியாபாரி நின்றுகொண்டிருந்தார். வண்டி கொள்ளாமல் சட்டியும் குண்டாவும் கட்டியிருந்தார். பெட்ரோல் தீர்ந்து மதியத்திலிருந்து நிற்பதாகச் சொன்னார். அது யானைகள் ஆற்றுத் தண்ணீருக்கு இறங்குகிற இடம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

சாந்தாமணி தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

நாச்சிமுத்து அதை வாங்கவில்லை. வண்டி அப்போதுதான் கடைசி மிச்சமான ரிசர்வுக்கு வந்திருந்தது. சாந்தாமணியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

“சிஸ்டர், பெட்டியில மாதி ரத்தம் இருக்குது. இன்னொருக்கா அவ தரமாட்டா.”

“தரமாட்டாங்ணா.”

“நமக்கே பத்தாதுங்க.”

சாந்தாமணி ஆற்றுப்பக்கம் பார்த்தார். புதர் ஒடிகிற சத்தம் கேட்டது. வியாபாரி அந்தச் சத்தத்துக்கு அவர்கள் பக்கம் இரண்டடி நெருங்கிவந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாச்சிமுத்து இல்லையென்று சொல்லியிருப்பார்.

நாச்சிமுத்துவே குனிந்து, பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, பாட்டிலை அடியில் பிடித்தார். பாதி பாட்டில் ஆனதும் சாந்தாமணியை நிமிர்ந்து பார்த்தார். சாந்தாமணி போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. முழுப் பாட்டிலும் நிறைந்த பிறகே குழாயைச் செருகினார். வியாபாரியின் வண்டி கடகடவென்று பாத்திரச் சத்தத்தோடு கிளம்பிப்போனது.

அடிவாரத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவர்களுடைய வண்டி இருமியது. இன்னொருதரம் இருமி நின்றுவிட்டது. அங்கிருந்து சமதரை. உருட்டிக்கொண்டு போனால் ஐஸ் தாங்காது. நாச்சிமுத்து பெட்டியைத் திறந்து பார்த்தார். கட்டிகள் கரைந்து சிறுத்திருந்தன.

இந்த முறை அவர் யாரையும் திட்டவில்லை. வியாபாரியைக்கூடத் திட்டத் தோன்றவில்லை. மாதிக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் நினைத்தார்.

“நான் என்ன பண்ணோணும் சிஸ்டர்?”

“பெட்டியை எடுத்து எங்கிட்டக் குடுங்ணா. வண்டியை இடது பக்கமாப் படுக்க வைங்க.”

நல்ல வண்டியைத் தரையில் படுக்க வைப்பதா? அவர் தயங்கினார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மெல்லச் சாய்த்தார். டேங்குக்குள் களக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“நடுவுல சட்டம் ஓடுதுங்ணா. டேங்க் அதுக்கு ரெண்டு பக்கமும் இறங்கியிருக்குது. குழாய் இடது பக்கம். வலது பக்கத்துல நின்ன பெட்ரோல் தானா வராது, இப்படிச் சாய்ச்சாத்தான் வரும். இப்பத் தூக்குங்க.”

தூக்கி நிறுத்தினார். உதைத்தார். இரண்டாவது உதையில் வண்டி உயிர்பெற்றது.

கையை முறுக்காமல், பிரேக்கைத் தொடாமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். உடனே அதைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். கெட்டுப்போயிருந்தால் அவர் ஓடியிருக்கமாட்டார்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாந்தாமணியின் காலில் விழலாம்போல இருந்தது. விழுந்தால் அந்த அம்மா திட்டுவார் என்பதால் டேங்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

“வலது பக்கம் மிச்சம் இருக்கும்னு தெரிஞ்சுதானுங்க அன்னேரம் பாட்டிலை நீட்டுனீங்க?”

“இன்னிக்குத் தெரியுமுங்ணா.”

“மொதல்ல யாரு சொல்லிக்குடுத்தாங்க?”

சாந்தாமணி மாவுக்கட்டுக் கையை மறு கையால் தாங்கிக்கொண்டு படியேறினார். இரண்டு படி ஏறித் திரும்பினார்.

“ஒருத்தரும் சொல்லலீங்ணா. வந்த புதுசுல, வழியில நின்ன ஒருத்தருக்குக் குடுத்துட்டு நானும் நின்னேன். அதுக்கப்பறந்தான் இன்னும் இருக்குதுன்னு தெரிஞ்சுது.”