அழித்தவர் பெயர்

காலையில் பார்த்தால், புரோகிராம்களையும், அவற்றை யார் எப்போது மாற்றினார்கள் என்பதையும் சேர்த்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் பாதி புரோகிராம்களைக் காணவில்லை. அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் முப்பது பேரும் பதறிப்போனார்கள். டைரக்டர் தேசிகன் எல்லாரையும் கூட்டி, கிட்டைப் பராமரிக்கும் செண்பகவல்லியைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சவன் பேர் இப்பவே பெரிய திரையில வரணும். இல்லேன்னா நீ வீட்டுக்குப் போகலாம்."

"தனியாக் காட்டட்டுமா சார்?"

"எல்லார் முன்னாடியும் காட்டு."

காட்டினாள். 'தேசிகன், காலை 9.12. குப்பை அகற்றப்பட்டது.'

தேசிகனுக்கு முகம் வெளிறியது.

"புரோகிராமைத் திரும்பக் கொண்டு வா. அந்த வரியை மட்டும் அழிச்சிடு."

"புரோகிராம் வந்துடும் சார். ஆனா கிட் எல்லாருக்கும் நகல் அனுப்பிடும்; அந்த வரி முப்பது லேப்டாப்லயும் இறங்கிடுச்சு. அதை அழிக்கச் சொல்லி ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்கதான் கேட்கணும். நல்லவேளை, எல்லாரையும் நீங்களே கூப்பிட்டு வச்சிருக்கீங்க."