ஒன்பது பாய்கள்

"இந்த ஒரு மொழியை மட்டும் விட்டுவிட்டால் என்ன, அம்மா?"

வேணன் கேட்டார். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருக்கு ஆசிரியரான துவரிக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. மொழிமனையில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

துவரி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"எந்த மொழி, ஐயா?"

"கூரைமேட்டு மொழி. மொத்தமே நாற்பது வீடு. மற்ற நூற்றுப் பன்னிரண்டு மொழிகளும் மொழிமரத்தில் உட்கார்ந்துவிட்டன. மலைமொழிகள் ஒரு கிளை, ஆற்றுமொழிகள் ஒரு கிளை, மணல்மொழிகள் ஒரு கிளை. எதை எடுத்தாலும் தாய் யார், பாட்டி யார் என்று சொல்லிவிடுவேன். இது மட்டும் எதிலும் ஒட்டமாட்டேன் என்கிறது. எண்கள் மணல்காரர்களுடையவை. கை, கால், வயிறு எல்லாம் மலைக்காரர்களுடையவை. மிச்சம் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை."

"தெரியவில்லை என்று எழுதுங்கள்."

"வருகிற பௌர்ணமிக்கு மரத்தை மனைச் சுவரில் வரைய வேண்டும். தாய் தெரியாத மொழி ஒன்று இருந்தாலும் மொழிமனைச் சபை மரத்தை ஏற்காது. முப்பத்தோரு வருடம், அம்மா."

"தாயில்லாத பிள்ளை. வாசலோடு அனுப்பிவிடலாம் என்கிறீர்கள்."

"அப்படிச் சொல்லவில்லை."

"வேறு எப்படிச் சொன்னீர்கள்?"



மொழிமனையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மொழியை மரத்தில் வைப்பவர் அந்த ஊருக்கே போய், அந்த மொழியிலேயே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்க வேண்டும். வேணன் நூற்றுப் பன்னிரண்டு ஊர்களில் குடித்திருந்தார். மலையூர் ஒன்றில் இவர் சொன்னது தப்பாகப் போய், எருமைத் தொட்டியைக் காட்டிவிட்டார்கள். அதிலும் குடித்தார்.

"கூரைமேட்டில் தண்ணீர் குடித்தீர்களா?"

"ஓடக்காரர் ஒருவர் சொற்பட்டியல் எழுதிக் கொடுத்தார்."

"நான் பட்டியலைக் கேட்கவில்லை."

"தூரம், அம்மா."

"எவ்வளவு தூரம்?"



"படகில் அரை நாள்."

துவரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பனிமலை தாண்டி இரண்டு மாதம் நடந்தவருக்கு இது தூரமா!"

பட்டாணி முறத்தை ஓரமாக வைத்தார்.

"எழுந்திருங்கள்."

படகில் துவரிதான் துடுப்புப் போட்டார். பட்டியலை மடியில் விரித்து வைத்திருந்தார். அதன் ஓரத்தில் ஓடக்காரர் கிறுக்கியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"'மரியாதை தெரியாத ஜனங்கள். தண்ணீரைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.'"

வேணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அங்கே இருந்திருக்கிறேன்," என்றார்.

துவரி பட்டியலை மடித்து அவரிடம் கொடுத்தார்.

"பெருவெள்ளம் வந்த வருடம். எனக்கு ஆறு வயது. மேட்டில் ஒரு செங்கல் சூளைக் கொட்டகை மட்டும்தான் முங்காமல் நின்றது. பெரியவர்கள் பிள்ளைகளை அதில் ஏற்றிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிவரத் திரும்பிப் போனார்கள். யாரும் வரவில்லை. ஒன்பது பிள்ளைகள். இரண்டு மழைக்காலம்."

"ஒரே ஊர்ப் பிள்ளைகளா?"

"எங்கே! வெள்ளம் எங்கிருந்தெல்லாமோ கொண்டுவந்து போட்டது. ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. மணல்நாட்டுப் பெண் ஒருத்தி, எங்களில் மூத்தவள், விடிந்ததும் எல்லாரையும் எண்ணிப் பார்ப்பாள். எண்ணி முடித்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். மலைப் பையன் ஒருவன், யார் அழுதாலும் தொட்டுத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்பான். ஈரச் செங்கல் வாசனை அடித்தால் இப்போதும் அந்தக் கொட்டகைதான்."

அவர் குரல் இளகியிருந்தது.

"அப்புறம் என் மாமா வந்தார். சின்னப் படகு. ஓர் ஆளுக்குத்தான் இடம். மாமா வீட்டில் நான் உளறுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன்."

"எதை?"

"உளறுவதை. அதெல்லாம் ஒரு பேச்சா, அம்மா? பிள்ளைகள் சும்மா எதையாவது சொல்லிக்கொண்டிருப்போம்."

துடுப்பு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் நகர்ந்தது.

கூரைமேட்டுத் துறையில் ஒரு பெண் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தொட்டிருப்பாள்.

வேணன் பட்டியலைப் பார்த்துத் தடுமாறித் தடுமாறித் தண்ணீர் கேட்டார். அவள் குவளையில் மொண்டு முதலில் துவரியிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துவரி குடித்தார். குடித்து முடித்து நிமிர்ந்தபோது இருவரும் ஒரே பக்கம் திரும்பி நின்றார்கள். அந்தப் பெண்ணும், வேணனும். ஆற்றைப் பார்த்தபடி.

அந்தப் பெண் மெல்ல வேணனைப் பார்த்தாள். என்னவோ கேட்டாள்.

வேணன் பட்டியலைப் பார்க்கவில்லை. பதில் சொன்னார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன கேட்டாள்?" என்றார் துவரி.

"கொட்டகையில் எந்தப் பாயில் படுத்திருந்தாய் என்று."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஓட்டைப் பாய்."

அந்தப் பெண்ணின் பெயர் லோமி. சந்தைக்குப் போய்வருகிறவள் என்பதால் துவரிக்குப் புரியும் ஆற்றுமொழி ஒன்றும் பேசினாள். முகத்தைத் திருப்பிக்கொள்வது ஏன் என்று துவரி கேட்டதற்கு, இது கூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள்.

"ஒன்பது பேருக்கு ஒரு குடம். பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளை வயிறு நிறையக் குடிக்கும்?"

வேணனும் தண்ணீர் குடித்த பிறகு, அவள் வீட்டில் மீன் குழம்பு ஊற்றினாள். வேணனுக்கு இரண்டு தரம். கொட்டகை இருந்த இடத்தைக் காட்டினாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் அங்கே கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் கத்தியதெல்லாம் வேணனுக்குப் புரிந்தது. திண்டாடிப்போனார் மனிதர். கண்ணைத் துடைப்பதா, காதைக் கொடுப்பதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் துவரி, கொண்டுவந்திருந்த மொழிமரச் சுருளை லோமியின் முற்றத்தில் விரித்தார். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஓர் ஓரத்தில் கூரைமேடு. அதன் தாய்க்கான இடம் வெள்ளையாக இருந்தது.

"என்ன செய்யப்போகிறீர்கள், ஐயா?"

வேணன் தூரிகையை எடுத்தார். 

"லோமி, பெயர்களைச் சொல்."

லோமி விரல் விட்டு எண்ணினாள், கொட்டகையில் விடிந்ததும் எண்ணியதுபோலவே. முதலில் தன் பெயர். அடுத்து மலைப் பையன். அவன் இறந்து நான்கு வருடமாகிறதாம். அதற்கடுத்து, சூளைச் சுவரில் ஏறி விழுந்தவன். ராத்திரியில் பாடுகிறவள். இரட்டையர் இருவர். இன்னும் இருவர். வேணன் அந்த வெள்ளை இடத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். எட்டுப் பெயர்கள்.

தூரிகை நின்றது.

"ஒன்பதாவது?" என்றார் துவரி.

"அவன் படகேறிப் போனவன்," என்றார் வேணன். "அவனுக்கு இதில் பங்கில்லை."

லோமி மைக்கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.